பழைய காரின் உதறல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவில் முரசுமோட்டையை அடைந்து, அங்கிருந்து யானையிறவுக் கடனீரேரியின் பக்கமாகத் திரும்பினால் கண்டாவளை வரும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். அவ்வூரில் ஒரு வீட்டு முற்றத்தில் மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது என்று கொள்க. வீட்டுக்காரரின் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். இயந்திரம் முதல் முயற்சியிலேயே உயிர் பெற்றுவிட்டது. ஆனால் முதலாம் கியரைப் போட்டு, கிளச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தவுடன் வண்டி முழுவதும் தடதடவென்று உதறுகிறது. கதவு அதிர்கிறது, கண்ணாடி அதிர்கிறது, பின்னாசனத்தில் இருப்பவர்களின் பல்லும் அதிர்கிறது. பத்து முழத் தூரம் ஓடியபின் உதறல் தானாக அடங்கிவிடுகிறது. "தம்பி, இது பரந்தன் மட்டுக்குமாவது போய்ச் சேருமோ?" என்று மாமியார் கேட்கிறார்.

அக்கேள்விக்கு ஊரில் விடை சொல்வோர் பலர். கியர்ப் பெட்டி போய்விட்டது என்பார் ஒருவர். எஞ்சினை இறக்க வேண்டும் என்பார் மற்றொருவர். டிபரன்ஷலில் பல் உடைந்துவிட்டது என்பார் இன்னொருவர். மூவரும் அனுபவசாலிகளாக இருக்கலாம். ஆயினும் மூவரும் நோயைப் பாராமல் மருந்தைச் சொல்கின்றனர். கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றுவது ஒரு நாள் வேலை. குற்றம் அங்கே இல்லையென்றால், இறக்கிய கூலியும் போய், வண்டியும் முன்போலவே உதறிக்கொண்டு வீடு வந்து சேரும். ஒரு போக நெல்லை விற்று வண்டியைத் திருத்த வந்தவருக்கு இது சிறிய இழப்பன்று.

உதறல் என்பது நோயன்று, நோயின் குறியே. காய்ச்சல் நடுக்கம் மலேரியாவினாலும் வரும். புண் சீழ்ப்பிடித்தாலும் வரும். நடுக்கம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்தால் தணிகிறது என்று கேட்டறிந்த பின்னரே வைத்தியர் மருந்தைத் தொடுவார். காருக்கும் அம்முறையே தகும். அதற்கு முன், இயந்திரத்தின் வலு சில்லை வந்தடையும் வழியை நேயர்கள் ஒருமுறை மனத்திலே வரைந்துகொள்ளல் வேண்டும்.

இயந்திரத்தின் பின்முனையில் கனத்ததொரு பறப்புச் சில்லு சுழல்கிறது. அதன் முகத்தோடு ஒட்டியிருப்பது கிளச் தட்டு. அதற்குப் பின்னால் கியர்ப் பெட்டி. அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றின் வழியே நீண்டதோர் இரும்புத் தண்டு பின்னோக்கிச் செல்கிறது. புரோப்பலர் சாஃப்ற் என்று கராஜ்களிலே வழங்குவது அதுதான். அதன் இரு முனைகளிலும் எப்பக்கமும் மடங்கத்தக்க யுனிவர்சல் மூட்டுகள் உள்ளன. தண்டின் முடிவில் டிபரன்ஷல், பின் அச்சு, சில்லு. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் இந்த ஒழுங்கிலேயே அமைந்தவை. 1959 இல் வெளிவந்த மினி கார் இதற்கு விலக்கு. அதன் இயந்திரம் குறுக்காகக் கிடந்து முன் சில்லுகளை ஓட்டுகிறது. நெடுந்தண்டு அதற்கு இல்லை.

இவற்றுள் மிகக் கடினமான பணி கிளச்சினுடையது. இயந்திரமோ ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டியோ அசையாது நிற்கிறது. ஓடுகின்ற மாட்டையும் நிற்கின்ற மாட்டையும் திடீரென ஒரே நுகத்திற் பூட்டினால் நுகம் முறியும். ஆகவே கிளச் தட்டு முதலிலே வழுக்கி, பின்னர் சிறிது பற்றி, இறுதியில் முற்றாகப் பற்றிக்கொள்கிறது. வழுக்குதல் ஒரே சீராக இருக்கும்வரை வண்டி வழுவழுவென்று நகரும். ஒரு கணம் பற்றியும் மறுகணம் வழுக்கியும் மாறி மாறி நிகழுமாயின், அந்த மாற்றமே உதறலாக வெளிப்படுகிறது. வகுப்பறையில் வெண்கட்டியைச் செங்குத்தாகப் பிடித்துக் கரும்பலகையில் இழுத்தால், கோடு தொடர்ச்சியாக விழாமல் புள்ளி புள்ளியாக விழுவதையும் காது கூசும் ஒலி எழுவதையும் எல்லோரும் அறிவர். அங்கே நிகழ்வதும் இதுவே: பற்றல், வழுக்கல், மீண்டும் பற்றல்.

இனிச் சோதனைக்கு வருவோர் முதலிற் கேட்கவேண்டியது, உதறல் எப்போது வருகிறது என்பது. வண்டியை நிறுத்தி, கியர் எதுவும் போடாமல் இயந்திரத்தின் வேகத்தை மட்டும் கூட்டுக. அப்போதும் உதறினால் குற்றம் இயந்திரத்தினுடையது. வலுக் கடத்தும் உறுப்புகளைத் தொடவேண்டியதில்லை. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் வண்டி உதறத்தான் செய்யும். மைனர், ஏ 40 போன்ற வண்டிகளில் பொயின்ற் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கும், பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கும் இருத்தல் வேண்டும். அவற்றைச் சரிசெய்தவுடன் "கியர்ப் பெட்டி நோய்" மறைந்துபோன வண்டிகள் உண்டு.

அடுத்தது ஓடும்போது செய்யும் சோதனை. உதறல் தோன்றும் வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கையில், கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக ஓடவிடுக. வெறுமையான நேர்த்தெருவிலேயே இதைச் செய்தல் வேண்டும். உதறல் அப்படியே தொடர்ந்தால், இயந்திரமும் கிளச்சும் குற்றமற்றவை. சில்லையோ நெடுந்தண்டையோ ஐயுறுக. உடனே நின்றுவிட்டால், வலு பாயும்போதுதான் நோய் தலைகாட்டுகிறது என்பது தெளிவு. பிறேக் அழுத்தும்போது மட்டும் உதறுமானால் பிறேக் உருளை வட்டம் தப்பியிருக்கிறது. அது வேறு கதை.

சில்லா, தண்டா என்பதை எண்ணிக்கையாலேயே பிரித்தறியலாம். மொறிஸ் மைனரின் சில்லு ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 1.9 மீற்றர் நகரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அச்சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 9 முறை சுழல்கிறது. 1962 இன் பின் வந்த மைனரில், பின் அச்சின் பல் விகிதம் 4.22. ஆகவே அதே வேகத்தில் நெடுந்தண்டு செக்கனுக்கு 37 முறை சுழல வேண்டும். சில்லின் குற்றம் குதிரை ஓட்டம் போல எண்ணத்தக்க துடிப்பாக ஆசனத்திலோ சுக்கானிலோ தெரியும். தண்டின் குற்றம் வண்டு முரலுவது போல நெருங்கிய அதிர்வாக, பாதத்தின் கீழ்த் தரையிலே தெரியும். காதையும் பாதத்தையும் பழக்கிய சாரதிக்கு வேறு கருவி வேண்டியதில்லை.

நெடுந்தண்டைச் சோதிக்க வண்டியின் கீழே படுத்தல் வேண்டும். சில்லுகளுக்குக் கல் அடைகொடுத்து, கைப் பிறேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்த பின்னரே கீழே போகலாம். ஜக் ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுவது உயிரோடு விளையாடுவதாகும். மூட்டின் இரு பக்கங்களையும் இரு கைகளால் பிடித்து, ஒன்றுக்கொன்று எதிராகத் திருகிப் பார்க்குக. டிபரன்ஷலில் சிறிது விளையாட்டு எப்போதும் உண்டு. அதனால் தண்டு முழுவதும் சற்று அசைவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மூட்டின் ஒரு பக்கம் அசைந்த பின்னரே மறுபக்கம் அசையுமானால் மூட்டுத் தேய்ந்துவிட்டது. மூட்டின் கிண்ணங்களைச் சுற்றிச் செங்கல் தூள் போன்ற துரு படிந்திருப்பின், உள்ளேயுள்ள ஊசி உருளைகள் கிறீஸின்றிக் காய்ந்து அரைபடுகின்றன என்பது பொருள். உப்புக் காற்று வீசும் கடனீரேரிக் கரை ஊர்களில் இதை வழக்கமாகவே எதிர்பார்க்கலாம்.

தண்டைக் கழற்றுவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கழற்றுமுன் இரு பக்கத் தகடுகளிலும் அரத்தால் ஒரு கோடு இழுத்துவைத்து, பூட்டும்போது கோட்டோடு கோடு பொருந்தப் பூட்டுக. தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்றலும் அவசியம். இதைக் கவனியாமல் பூட்டியதனாலேயே, புதிய மூட்டுப் போட்டபின் முன்னிலும் மோசமாக உதறும் வண்டிகள் உண்டு. அப்போது பழி மூட்டு விற்ற கடைக்காரர் மேல் விழும்.

இனி, மாமியாரைக் கலங்கவைத்த உதறலுக்கு வருக. புறப்படும் வேளையில் மட்டும் தோன்றி, கிளச் முற்றாகப் பற்றியவுடன் அடங்குவது அது. பின்னோக்கி ஓட்டும்போதும் வரும். இக்குறி கிளச்சைச் சுட்டுகிறது என்பது உண்மையே. ஆயினும் கிளச்சைத் திறக்குமுன் பார்க்கவேண்டியவை இரண்டு உள. இரண்டுக்கும் செலவு சிறிது.

ஒன்று, இயந்திரத்தைத் தாங்கும் றப்பர்கள். எண்ணெயும் வெயிலும் பட்ட றப்பர் காலப்போக்கில் வெடித்துப் பிரியும். கிளச் பற்றும்போது இயந்திரம் ஒரு பக்கமாகச் சரிய முயலும். றப்பர் பிரிந்திருந்தால் அது எழுந்து விழும். அந்த ஆட்டம் கிளச் மிதியையும் ஆட்டி உதறலைப் பெருக்கும். மூடியைத் திறந்துவைத்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, மற்றவர் பிறேக்கை இறுக மிதித்தபடி கிளச்சைச் சிறிது மட்டும் விடுவாராக. வண்டியின் முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்றலாகாது. இயந்திரம் ஓரங்குலம் துள்ளுமானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மினி காரில் இயந்திரத்தின் ஆட்டத்தைத் தடுக்க ஒரு குறுந்தண்டு உண்டு. அதன் முனைகளிலுள்ள சிறு றப்பர் தேய்ந்தாலே வண்டி முழுவதும் உதறும். அந்த றப்பரை மாற்றாமல் கிளச்சை மாற்றியவர் எத்தனையோ பேர்.

மற்றொன்று, பின் அச்சைப் பட்டைவில்லோடு பிணைக்கும் லாட வடிவ ஆணிகள். கிரவல் தெருவில் ஓடி ஓடி அவற்றின் நட்டுகள் தளர்கின்றன. தளர்ந்தால், வலு பாயும் கணத்தில் அச்சு முறுகித் துள்ளும். சாவி ஒன்றால் இறுக்கிவிட்டால் அன்றோடு தீர்ந்தது.

இவை இரண்டும் செம்மையாக இருந்தும் உதறல் நிற்கவில்லையாயின் கிளச்சே குற்றமுடையது. அங்கும் முதற் சந்தேகம் எண்ணெய். கிளச்சை மூடியிருக்கும் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும், அது அடைபடாதிருக்க அதிலே தொங்கும் ஒரு கம்பி ஆணியும் பழைய ஆங்கிலக் கார்களில் உண்டு. அந்த ஆணி உலர்ந்திருந்தால் நன்று. எண்ணெய் சொட்டினால், இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்தோ கியர்ப் பெட்டியின் முன்பக்கத்திலிருந்தோ எண்ணெய் உள்ளே வருகிறது. மெல்லியதும் கறுத்ததுமாயின் இயந்திர எண்ணெய். தடித்து, கந்தக மணம் வீசினால் பெரும்பாலும் கியர் எண்ணெய். ஆனால் மைனரின் கியர்ப் பெட்டிக்கு இயந்திர எண்ணெயையே விடுவது வழக்கமாதலால், அவ்வண்டியில் நிறத்தையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும்.

மைனர் வகை இயந்திரத்தின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க றப்பர் வளையம் இல்லை. சுழல்தண்டில் திருகாணி போல வெட்டிய புரியே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. தண்டு சுழலும்போது அந்த உபாயம் நன்றாக வேலை செய்யும். தாங்கிகள் தேய்ந்தாலோ, இயந்திரம் மூச்சு விடும் குழாய் அடைபட்டு உள்ளே அமுக்கம் கூடினாலோ, எண்ணெய் நீர்த்துப்போனாலோ அது தோற்றுவிடும்.

எண்ணெய் நீர்த்துப்போதல் என்பதற்கு வன்னியில் ஒரு தனி வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. 2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ 9 பாதை திறக்கும்வரை, கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய யப்பானியக் கார்கள் முணுமுணுத்தன; பழைய ஒஸ்ரினும் மொறிஸும் பொறுமையாக ஓடின. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு, கார்புரேற்றரும் எளியது. ஆங்கிலேயர் தாமே பேர்குசன் உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென ஒரு வடிவத்தைச் செய்திருந்தனர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரின் வழியே வழிந்து, கீழேயுள்ள எண்ணெயோடு கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று மகிழ்ந்த சாரதிகளும் இருந்திருப்பர். கூடியது எண்ணெயன்று, மண்ணெண்ணெய். அந்த நீர்த்த கலவையே தாங்கிகளைத் தேய்த்து, பின்முனைப் புரியைக் கடந்து, கிளச் தட்டை நனைத்தது. அக்காலத்து வண்டிகள் பல புறப்படும்போது உதறியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 2009 இன் தொடக்கத்தில் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது அவர்களோடு சென்ற வாகனங்களில் மிகப் பல முள்ளிவாய்க்கால்ப் பக்கத்தில் கைவிடப்பட்டன. வன்னியில் எஞ்சிய பழைய கார்கள் சிலவே. ஆதலால் அவற்றை வைத்திருப்போர் அவற்றை இரும்பாக மட்டும் எண்ணுவதில்லை.

கிளச் தட்டில் எண்ணெய் ஊறிவிட்டால் பெற்றோலால் கழுவிப் பயனில்லை. மேற்பரப்பு உலர்ந்தது போலத் தோன்றும். இரண்டு நாள் ஓடிச் சூடேறியதும் உள்ளே ஊறியது மேலே வரும். தட்டை மாற்றுவதே வழி. எண்ணெய் கசியும் இடத்தை அடைக்காமல் தட்டை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம். திறந்த கையோடு பறப்புச் சில்லின் முகத்தையும் பார்க்குக. நீலம் பாய்ந்த புள்ளிகள் இருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. கடைச்சல் பட்டறையில் மட்டம் செய்தல் வேண்டும். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பழைய கிளச் தட்டுகளிலும் பிறேக் கட்டைகளிலும் கல்நார் சேர்ந்திருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. கூட்டிலே படிந்த தூளை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் கராஜ்களில் இன்னும் காணப்படும் கெட்ட வழக்கம். ஈரத் துணியால் துடைத்தெடுத்தலே தக்கது.

எண்ணெய் இன்றியும் கிளச் உதறலாம். மிதியின் மேல் எப்போதும் காலை வைத்தபடி ஓட்டுவோரின் கிளச் கண்ணாடி போல மினுங்கிக் கருகும். வாய்க்கால்க் கட்டின் ஏற்றத்தில் பிறேக் பிடிக்காமல், கிளச்சை அரைகுறையாக விட்டு வண்டியைத் தாங்கி நிற்பதும் அவ்வாறே. மைனர் காரின் மிதி, எதிர்ப்புத் தோன்றுமுன் ஒன்றரை அங்குலம் சும்மா இறங்குதல் வேண்டும். அந்த இடைவெளி இல்லையாயின் கிளச் முற்றாகப் பற்றாது.

வெள்ளமும் ஒரு காரணம். 2018 டிசெம்பரில் பெருமழை பெய்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பிரிவு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சில்லு மூடத் தண்ணீரில் நின்ற கார் வெயில் வந்ததும் காய்ந்துவிடும். அதன் உள்ளுறுப்புகள் காயா. கிளச் தட்டுத் துருவினால் பறப்புச் சில்லோடு ஒட்டிக்கொள்ளும். பிரிந்தபின்னும் துருப்பிடித்த இடம் ஒருவிதமாகவும் மற்ற இடம் ஒருவிதமாகவும் பற்ற, சில நாட்களுக்கு உதறல் இருக்கும். மெல்லிய துருவாயின் ஓட்டத்திலேயே தேய்ந்து போகும். அதற்காக அவசரப்பட்டுப் பெட்டியை இறக்க வேண்டாம். ஆனால் கியர்ப் பெட்டியிலும் டிபரன்ஷலிலும் உள்ள எண்ணெயை உடனே திறந்து பார்த்தல் வேண்டும். சூடாக இருந்த பெட்டி தண்ணீரில் அமிழ்ந்து குளிரும்போது மூச்சுத் துளை வழியே தண்ணீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பாலும் தேநீரும் கலந்த நிறமாக இருந்தால், அதை ஊற்றிவிட்டுப் புதிதாக விடுக.

இவ்வளவிலும் கியர்ப் பெட்டியின் பெயர் குற்றவாளியாக வரவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பர். கியர்ப் பெட்டி கெட்டால் அது இரையும். கியர் மாற்றும்போது உராயும். போட்ட கியர் தானே கழன்று வெளியே பாயும். உதறுவது அதன் இயல்பன்று.

தானாகக் கியர் மாறும் கார்களுக்கு இவ்விதி பொருந்தாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியதால், இருபது முப்பது ஆண்டு பழைய யப்பானியக் கார்கள் பல இலங்கைத் தெருக்களில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் கிளச் மிதி இல்லை. எண்ணெயின் சுழற்சியே வலுவைக் கடத்துகிறது. ஓரளவு வேகம் வந்தபின் உள்ளேயுள்ள ஒரு சிறு கிளச் பூட்டிக்கொண்டு வழுக்கலை நிறுத்தும். எண்ணெய் பழசானால் அந்தப் பூட்டு உறுதியாகப் பற்றாமல் நடுங்கும். மணிக்கு 50 முதல் 80 கிலோமீற்றர் வேகத்தில், வேக மிதியை மெல்ல அழுத்தியபடி ஓடும்போது, சிறு கற்கள் பதித்த தெருவில் ஏறியது போல ஓர் அதிர்வு வந்து போனால் அதுவே இது. அந்நேரம் வேக மிதியை விடாமல், இடது காலால் பிறேக் மிதியை இலேசாகத் தொடுக. பிறேக் விளக்கு எரிந்தவுடன் பூட்டு விடுபடும். அதிர்வும் அக்கணமே நின்றால் நோய் விளங்கிவிட்டது. காரின் கைந்நூல் கூறும் வகை எண்ணெயை மாற்றிப் பார்த்தலே முதல் மருந்து. எந்த எண்ணெயும் ஆகும் என்று கையிற் கிடைத்ததை விடுவோர் புதிய உதறலொன்றை விலை கொடுத்து வாங்குகின்றனர்.

கண்டாவளை மைனருக்குத் திரும்பினால், அன்று காலை அதைத் திறக்க நேரமில்லை. தேவையும் இல்லை. புறப்பட்டபின் அடங்கிவிடும் உதறல் வண்டியை நடுவழியில் நிறுத்துவது அரிது. கைப் பிறேக்கை இழுத்து, மேல் கியரைப் போட்டு, கிளச்சை விட்டுப் பார்த்தால் இயந்திரம் உடனே திணறி நின்றுவிட வேண்டும். நின்றால் கிளச்சுக்குப் பற்று இன்னும் உண்டு. சாரதி முதலாம் கியரில் மெதுவாகப் புறப்பட்டு, இடையிடையே நிறுத்தாமல் ஓட்டினால் மகளும் மாமியாரும் கிளிநொச்சி போய்ச் சேரலாம். இயந்திரம் திணறாமல் ஓடிக்கொண்டேயிருந்தால், வேறொரு வாகனம் பிடித்துக்கொண்டு, மைனரை முற்றத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.